ஓடாத ஜெனரேட்டருக்கு வாடகை

1

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். ஓடுகிற ஜெனரேட்டருக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், சும்மா நிற்கிற ஜெனரேட்டருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். நம்பியதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பதினாலு கடைக்காரர்களைக் கூட்டி வைத்து, கரும்பலகை இல்லாத குறைக்கு ஒரு லாட்ஜின் பின்சுவரில் கரித்துண்டால் எழுதி விளக்கினேன். கை தட்டினார்கள். லாட்ஜ் மேனேஜர் மட்டும் தட்டவில்லை. சுவர் அவருடையது.

பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வந்தேன். வந்து பார்த்தால், நான் சுவரில் எழுதியதை இங்கே சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார்கள். என்னைவிடத் தகுதியான ஆள் அவர்களுக்கு எங்கே கிடைப்பான்?

நாங்கள் மெல்போர்னுக்கு வந்து போன வாரத்தோடு பதின்மூன்று வருஷம். என் மனைவி செல்வி கேசரி கிண்டியிருந்தாள். முதல் கரண்டி வாய்க்குள் போன நேரத்தில் அவள் கைபேசிக்கு ஒரு மின்சார விற்பனைக் கம்பெனியிடமிருந்து விளம்பரம் வந்தது. சத்தமாக வாசித்தாள். "காத்திருப்புக் கட்டணம் கிடையாது, நிலைக்கட்டணம் கிடையாது, பயன்படுத்தும் மின்சாரத்துக்கு மட்டும் பணம். நல்லாத்தான இருக்குங்க? மாறிக்கலாமா?"

கேசரி புரையேறியது. முதுகில் தட்டினாள். அந்தத் தட்டில் வெளியே வந்ததுதான் இந்தக் குறிப்புகள்.

2

ஒரு மணி நேரம் கரண்டு இருந்து ஒரு மணி நேரம் போன காலத்தை ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் மதுரைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் வாத்தியார். வீடு வண்டியூரில். செல்வியின் அண்ணன் முருகேசன் ஆரப்பாளையத்தில் ஜெனரேட்டர் லைன் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு மாப்பிள்ளை, அவர் எனக்கு மச்சான்.

அந்தத் தொழிலைப் பார்க்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு டீசல் ஜெனரேட்டர். அதிலிருந்து கடைப் பலகைகளின் தலைக்கு மேலாகவே ஒயர் போகும். கடைக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன். மின்வாரியக் கரண்டு போனதும் முருகேசன் கொட்டகைக்கு ஓடுவார். கரும்புகை ஒரு கொத்து மேலே போகும். ஜெராக்ஸ் கடையிலும் புரோட்டாக் கடையிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வரும். கரண்டு போனாலும் போகாவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று வாடகை. பொழுது சாயும்போது கடை கடையாக நடந்து வாங்கிக்கொள்வார். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்புறம் கரண்டு கொஞ்சம் சீராயிற்று. சில நாள் ஒரு தடவைதான் போகும். ஒரு நாள் போகவே இல்லை. ஜூஸ் கடை காஜா பாய்தான் முதலில் ஆரம்பித்தார். ஐஸ்கிரீம் பெட்டிக்கும் சேர்த்து லைன் வாங்கியிருந்ததால் சந்தில் அவருக்குத்தான் வாடகை அதிகம்.

"முருகேசா, இன்னைக்குக் கரண்டே போகலயேப்பா. எதுக்கு வாடகை?"

"போயிருந்தா லைன் குடுத்திருப்பேன்ல பாய்?"

"போகலல்ல?"

"போகலேன்னா வாரியத்துக்கு ஒரு சலாம் போடுங்க. எனக்கு வாடகையப் போடுங்க."

அந்த நேரத்தில் நான் பாயின் கடையில் சாத்துக்குடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். உறிஞ்சுவதை நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "பாய் கேட்பது நியாயம்தானே மச்சான்?" என்றேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் சுவரில் கரித்துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். கடைக்கு ஒரு மீட்டர் வைக்கலாம், ஓடிய மணிக்குத்தான் காசு, தட்டுப்பாடு வரும்போது மணிக்கான விலை ஏறும், அந்த ஏற்றத்தில் முருகேசனும் பிழைத்துக்கொள்வார் என்று அம்பு போட்டு வட்டம் போட்டு விளக்கினேன்.

"மாப்ள, ஓடுறப்ப மட்டுந்தேன் காசுன்னா ஓடாதப்ப நான் என்னத்தத் திங்கிறது?" என்றார் முருகேசன்.

"அதுக்குத்தான் மச்சான் விலை ஏறும்."

"எம்புட்டு ஏறும்?"

"தேவைக்குத் தக்க ஏறும்."

"யாரு ஏத்துவா?"

"சந்தை."

முருகேசன் சந்தின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தார். "இந்தச் சந்தா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார். தங்கச்சி புருஷன், அதுவும் வாத்தியார். எதிர்த்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை.

மீட்டர் வந்தது. ஜெனரேட்டர் கிளம்பிய சத்தம் கேட்டதும் கடைக்காரர்கள் பாய்ந்து ஃபேனை அணைத்தார்கள். எல்லோரும் சார்ஜ் விளக்கு வாங்கினார்கள். ஓட்டம் குறைந்தது. முருகேசன் மணிக்கான விலையை ஏற்றினார். ஓட்டம் இன்னும் குறைந்தது. இன்னும் ஏற்றினார். கொள்ளைக்காரன் என்று பெயர் வாங்கினார். கடைசியில் முகூர்த்த நாட்களில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிச் சமயநல்லூர் பக்கம் கல்யாண மண்டபங்களுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். நான் அதையும் பாராட்டினேன். இயந்திரம் சும்மா நிற்கக் கூடாது அல்லவா?

சித்திரைத் திருவிழாக் கூட்டம் பஸ் ஸ்டாண்டில் நெரிந்துகொண்டிருந்த ஒரு பகலில் தெரு மூலை டிரான்ஸ்பார்மர் எரிந்தது. மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. ஜெனரேட்டர் மண்டபத்தில் இருந்தது. வருஷத்தின் பெரிய வியாபாரம் இருட்டில் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை காஜா பாய் மொபெட்டில் வண்டியூருக்கே வந்துவிட்டார். ஹாண்டில்பாரில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா தொங்கியது. உள்ளே வந்து மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே பச்சை நிறத்தில் குளம்.

"பிஸ்தா. முந்தாநாள் வரைக்கும் ஐஸ்கிரீம். இப்பப் பாயசம். குடிங்க புரொபசர்."

குடித்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு பாய்."

"இன்னும் ஆறு டப்பா கெடக்கு. ஒங்க காலேஜுக்கு அனுப்பட்டுமா? பசங்களுக்குப் பாடம் நடத்தலாம்." வாசல் வரை போனவர் திரும்பினார். "மீட்டரு நல்ல மீட்டருதான் அத்தா. ஓடுனதத்தான் காட்டுது. நின்னதக் காட்ட மாட்டேங்குது."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

3

இங்கே என் பிழைப்பு என்னவென்று சொல்ல வேண்டும். வாரியத்தில் நல்ல உத்தியோகம் என்றே ஊரில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். இங்கே வாரியம் கிடையாது. ஊரில் கரண்டு போனால் திட்டுவதற்கு ஒரு வாரியம் உண்டு, போன் போட ஒரு லைன்மேன் உண்டு. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே மின்நிலையங்கள் ஆளுக்கொரு கம்பெனியுடையவை. இந்த விலைக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒவ்வொரு நிலையமும் சொல்லும். விலை குறைந்ததிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே போவார்கள். கடைசியாக யாரை எடுக்கிறார்களோ அவர் சொன்ன விலைதான் எல்லோருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இந்த ஏலம் நடக்கும். சந்தையை மேற்பார்க்க ஆள் உண்டு, பற்றாக்குறை வரும்போல் இருந்தால் எச்சரிக்கை விடுவார்கள். ஆனால் எதிர்காலத்துக்கு நிலையம் கட்டு என்றோ, பழையதை மூடாதே என்றோ வழக்கமாக யாரும் உத்தரவு போடுவதில்லை. பத்து வருஷத்துக்கு விலை எப்படிப் போகும் என்று ஒவ்வொரு கம்பெனியும் தானாக ஊகித்து, கட்டுவதா மூடுவதா என்று தானாக முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்த ஊகம்தான் என் வேலை. கிளி ஜோசியத்தில் கிளி சீட்டெடுக்கும், ஜோசியர் படிப்பார். இங்கே இரண்டும் நானே. கிளிக்கு நெல், எனக்குச் சம்பளம்.

வெயில் நாளின் நடுப்பகலில் எல்லார் வீட்டுக் கூரையிலும் சூரிய மின்சாரம் பொங்குவதால் விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், காசும் தருகிறோம் என்று அர்த்தம். இதை முதன்முதலில் போனில் சொன்னபோது முருகேசன் தணிந்த குரலில், "மாப்ள, தங்கச்சிகிட்ட போனக் குடுங்க" என்றார். எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவளை விசாரித்திருக்கிறார்.

பகலில் காசு கொடுத்துத் தள்ளுகிற அதே மின்சாரம், வெயில் சாய்ந்து, காற்றும் படுத்து, எல்லார் வீட்டிலும் ஏசி ஓடும் மாலையில் யானை விலைக்குப் போகும். வருஷத்தில் சில மாலைகள்தான் அப்படி வரும். அந்தச் சில மணி நேர விலையை நம்பித்தான் சில நிலையங்கள் வருஷம் முழுக்கக் காத்து நிற்கின்றன. லாட்ஜ் சுவரில் நான் போட்ட அதே அம்பு, அதே வட்டம். இவர்கள் வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள், வித்தியாசம் அவ்வளவே. முதல் வாரம் அந்தப் படத்தைப் பார்த்தபோது என் நாக்கில் பிஸ்தா இனித்தது.

4

போன அக்டோபரில் என் மேசைக்கு ஓர் அறிக்கை வந்தது. எங்கள் கம்பெனிக்கு நகருக்கு வெளியே எரிவாயுவில் ஓடும் ஒரு பழைய நிலையம் உண்டு. அதில் இரண்டு இயந்திரங்கள். ஒன்றாம் இயந்திரம் அடிக்கடி ஓடும். இரண்டாவது எப்போதாவது ஓடும். மாலை விலைக்குப் பயந்து, அது தயாராக நிற்பதற்கென்று வருஷா வருஷம் தனியாகக் கட்டணம் கொடுத்துவந்த விற்பனைக் கம்பெனிகள், பகல் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து மாலையில் தரும் பெரிய பேட்டரிகள் வந்ததும் விலகிக்கொண்டன. ஆகவே டிசம்பரில் தொடங்கும் இந்த ஊர்க் கோடைக்கு முன் இரண்டாம் இயந்திரத்தைப் பூட்டிவிடலாம், அதை ஓட்டும் ஆறு பேரையும் அனுப்பிவிடலாம் என்றது அறிக்கை. அதற்கான விலைக் கணக்கு நான் போட்டதுதான். கணக்கில் தப்பில்லை. சராசரிக் கோடையில் அந்த இயந்திரம் தேவையே இல்லை.

சராசரிக் கோடையில்! மதுரைக்காரன் எவனாவது சராசரி வெயிலைப் பார்த்திருக்கிறானா?

திட்டப் பொறியாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை மேலே போகும். நவம்பர் கடைசிக்குள் போகாவிட்டால் அந்தக் கோடைக்கு ஒன்றும் செய்ய முடியாது, இயந்திரம் நின்றே ஆக வேண்டும். கையெழுத்து என்றால் பேனா அல்ல, கணினியில் ஒரு படிவம். அதன் அடியில் இரண்டே பொத்தான்கள். ஒன்று, "ஒப்புதல்". மற்றது, "குறிப்புடன் திருப்பி அனுப்பு". மறுப்பதற்குப் பொத்தான் கிடையாது. மறுக்கிற ஆள் இருப்பான் என்று படிவம் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

என் அப்பா மதுரையில் தாலுகா ஆபீஸ் கிளார்க். ஒரு ஃபைல் நகரக் கூடாது என்றால் அவர் ஒருநாளும் முடியாது என்று சொல்ல மாட்டார். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தக் கேள்வி நியாயமாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம் என்பார். வீட்டில் நாங்கள் அவரைக் கேலி செய்வோம். ஏழு கடல் தாண்டி வந்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, அப்பாவின் பேனாவை நான் கையில் எடுத்தேன்.

முதல் குறிப்பு: மூன்று நாள் தொடர்ந்து அனல் அடித்து, காற்றும் இல்லாமல் போனால், மூன்றாம் நாள் மாலை பேட்டரிகளில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? திருப்பி அனுப்பினேன். பதில் வர ஏழு வேலை நாள் என்பது விதி. ஏழாம் நாள் பதில் வந்தது. இரண்டாம் குறிப்பு: அதே நாளில் ஒன்றாம் இயந்திரம் பழுதானால்? ஏழு நாள். மூன்றாம் குறிப்பு: அனுப்பிய ஆறு பேரும் வேறு ஊருக்குப் போய்விட்டால், திரும்பத் தேவைப்படும் நாளில் இதைக் கிளப்பத் தெரிந்த ஆள் யார்?

ஒவ்வொன்றையும் அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியில் பார்த்தால் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவன் முகம்.

5

என் மேலதிகாரி ஹெலன். நல்ல பெண்மணி. கோபம் வந்தால் குரல் தணியும். நவம்பர் மூன்றாம் வாரத்தில் கூப்பிட்டார். அவர் பேசியதை நம் பேச்சில் தருகிறேன்.

"சுந்தர், மூன்று தரம் திருப்பிவிட்டாய். உனக்கு என்ன வேண்டும்?"

"பதில் வேண்டும்."

"பதில் வந்ததே. அப்படி ஒரு நாள் வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு."

"வாய்ப்பு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. வந்தால் என்ன செய்வோம் என்றுதான் கேட்டேன்."

"வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் யாராவது வருவார்கள்."

என் சொந்தக் கரித்துண்டு என் மூஞ்சியில் வந்து அடித்தது. அப்போதுதான் காஜா பாயின் பிஸ்தாக் கதையைச் சொன்னேன். என் ஆங்கிலம் பதற்றத்தில் மதுரைக்குத் திரும்பிவிடும். "தட் மெஷின் இஸ் நாட் சிம்ப்ளி ஸ்டாண்டிங்" என்று மூன்று தடவை சொன்னேன். அது சும்மா நிற்கவில்லை, தயாராக நிற்கிறது என்று சொல்ல ஆசை. ஹெலன் பொறுமையாகக் கேட்டார். ஐஸ்கிரீம் வந்த இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

"நல்ல கதை. ஆனால் விலையை ஊகிக்கும் மாடலில் இது இல்லை."

"அது மாடலின் குறை."

"மாடல் உன்னுடையது."

உண்மை. ஹெலன் குரல் இன்னும் தணிந்தது. "ஆள் குறைப்பு வரப்போகிறது, உனக்கும் தெரியும். பட்டியல் என் கையில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் கொடு. நண்பராகச் சொல்கிறேன்."

கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் என் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக் கடன் இருக்கிறது. மகள் அடுத்த வருஷம் பள்ளியை முடிக்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் எவன் வேலை தருவான்? டாக்சி ஓட்டலாம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எனக்கு ரிவர்ஸ் வராது. ஊரில் மணி காலை பத்து இருக்கும். முருகேசனைக் கூப்பிட்டேன். சமயநல்லூரில் ஏதோ ஒரு மண்டபத்தின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார். முகத்துக்குப் பின்னால் பச்சை நிற ஜெனரேட்டர்.

"என்ன மாப்ள, ஆபீஸ் நேரத்துல? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு?"

சொன்னேன். முழுதும் கேட்டார்.

"மச்சான், இப்ப மண்டபத்துக்காரங்ககிட்ட எப்பிடி வாங்குறீங்க? ஓடுன மணிக்கா, நாளுக்கா?"

"நாளுக்குத்தேன். ஓடுனாலும் ஓடாட்டியும் வாடகை. பின்னாடி ஜெனரேட்டரு நிக்கலேன்னா பொண்ணு வீட்டுக்காரன் அட்வான்சே குடுக்க மாட்டான். நிக்கிறதுக்குத்தான் மாப்ள காசு. ஓடுறது போனசு."

"நம்ம மீட்டரெல்லாம்?"

"அத அன்னைக்கே பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு." சத்தமாகச் சிரித்தார். பிறகு சட்டென்று, "கையெழுத்துப் போட்டுருவீங்களா?" என்றார்.

"போடலேன்னா வேலை போகும் மச்சான்."

"போனாப் போகுது. மூணு ஜெனரேட்டரு வச்சிருக்கேன், ஒண்ண ஒங்களுக்குத் தாரேன். ஆனா ஒண்ணு. கடைக்காரங்ககிட்ட நீங்க பேசக் கூடாது. நான் பேசிக்கிறேன்."

காரைவிட்டு இறங்கினேன். மேலே போய் வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் நாலாவது குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.

6

வீட்டில் எதிர்க்கட்சி யாழினி. பதினாறு வயது. பருவநிலைக்காகப் பள்ளியைப் புறக்கணித்து ஊர்வலம் போகிற பிள்ளை. தமிழ் புரியும். பேசினால் நம் சொல்லெல்லாம் காலில் ஷூ போட்டுக்கொண்டு வரும்.

"அப்பா, நீங்க கேஸ் பிளாண்டைக் காப்பாத்துறீங்களா? சீரியஸ்லி?"

"பிளாண்டை இல்லம்மா. நிக்கிறதை."

"நிக்கிறதுன்னா என்ன?"

விளக்கினேன். ஆரப்பாளையம், பாய், டப்பா எல்லாம். அவளுக்கு ஆரப்பாளையம் என்பது ஒரு லீவில் வாந்தி எடுத்த பஸ் ஸ்டாண்ட். ஆனாலும் கேட்டாள்.

"அப்போ பேட்டரிக்கு நிக்கிறதுக்குப் பே பண்ணலாமே? எதுக்கு கேஸ்?"

"பண்ணலாம். பண்ணணும். அது வந்து நிக்கிற வரைக்கும் இது நிக்கட்டும்னுதான் சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்."

அவள் சொல்வது சரி, நான் சொல்வதும் சரி. வீட்டில் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. என் நாலாவது குறிப்பை வாங்கிப் படித்தாள். அதில் கேட்டிருந்தது இதுதான்: ஓடிய மணிகளை மட்டும் எண்ணும் கணக்கை வைத்துக்கொண்டு, காத்து நின்ற நாட்களின் மதிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? பென்சிலை எடுத்து நாலு இடத்தில் இருந்த "சிம்ப்ளி"யை அடித்தாள்.

"நான் ஒத்துக்கல. ஆனா இங்கிலீஷ் இப்ப ஓகே" என்று தாளை நீட்டினாள்.

திருப்பி அனுப்பினேன். ஏழு வேலை நாள். அதற்குள் நவம்பர் முடிந்தது. என் வாதத்தை யாரும் ஏற்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கெடு தேதி தாண்டிவிட்டது, அவ்வளவுதான். ஹெலன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. இரண்டாம் இயந்திரத்துக்கும் அதன் ஆறு பேருக்கும் ஒரு கோடை கிடைத்தது.

7

டிசம்பர் போயிற்று. ஜனவரி குளுகுளுவென்று போயிற்று. அலுவலகத்தில் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, "சுந்தர், உன் அனல் எங்கே?" என்றார்கள். வெயிலுக்காக வேண்டிக்கொண்ட ஒரே மதுரைக்காரன் நானாகத்தான் இருப்பேன். வேண்டியதற்கு உடனே வெட்கமும் பட்டேன். என் வார்த்தை பலிக்க ஊர் வேக வேண்டுமா?

பிப்ரவரியில் வந்தது. முதல் நாள் நாற்பது டிகிரி. இரண்டாம் நாள் அதற்கு மேல். மூன்றாம் நாள் மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தவன் செய்த காரியங்களைச் செல்வி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வீட்டிலிருந்த எல்லா வாளியிலும் தண்ணீர் பிடித்தேன். இங்கே தண்ணீர் மோட்டாரால் வருவதில்லை, கரண்டு போனாலும் குழாயில் வரும். அது தெரிந்தும் பிடித்தேன். குளியல் தொட்டியையும் நிரப்பினேன். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மூன்று டார்ச். ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ்கிரீமை எடுத்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று இரண்டு பேருக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்தேன்.

"என்னங்க, ஒங்க மிஷினு மேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்றாள் செல்வி.

"மிஷின் மேல இருக்கு. என் மேல இல்ல."

யாழினி தன் அறை ஏசியை அணைத்துவிட்டு வந்து எங்களோடு ஹாலில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் கேசரித் தட்டைப் பார்ப்பதுபோல் என் மடிக்கணினியைப் பார்த்தோம். அதில் சந்தை விலை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது. பேட்டரிகளின் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மாலை ஆறேகாலுக்குச் சந்தையை மேற்பார்ப்பவர்கள் இரண்டாம் இயந்திரத்தைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை அது கிளம்பவில்லை. இரண்டாம் தடவை கிளம்பியது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடியது. எங்கள் தெருவில் கரண்டு போகவில்லை. அது இல்லாமலே சமாளித்திருப்போம் என்கிறார் ஹெலன். இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஏப்ரலில் ஆள் குறைப்புப் பட்டியல் வந்தது, அதில் என் பெயர் இருந்தது. அதே மாதம் ஒரு விற்பனைக் கம்பெனி இரண்டாம் இயந்திரத்தை அடுத்த இரண்டு கோடைக்குப் பேசி முடித்திருக்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை.